பதினேழு மைலும் ஒரு பட்டர் கேக்கும்

வெள்ளிக்கிழமை, காலை 9.05. எட்மண்டன்.

இலண்டனில் புறப்பட்டு இலண்டனிலேயே போய் இறங்கிய ஒன்றைப் பயணம் என்று எழுதலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். என் மனைவி சறோவும் வாசலில் நின்று அதையேதான் கேட்டாள். எங்கள் வீட்டிலிருந்து அபி வூட்டில் இருக்கும் கேம்ப்சைட்டுக்குப் பதினேழு மைல். ஆனால் கட்டில், கக்கூஸ், குளிர்பெட்டி, அடுப்பு, ஓவன் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஆறு மீற்றர் நீள வண்டியை ஓட்டிப் பாருங்கள். பதினேழு மைல் என்ன நீளம் என்று அப்போது தெரியும்.

அந்தக் கேம்பர் வானை வாங்கி மூன்று மாதம். ஒருவர் பாவித்தது, ஒன்பது வயது. கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கி, ஐயரிடம் திருநீறும் வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு அது எங்கள் தெருவில் நின்றபடியே நின்றது. முதல் ஓட்டம் இதுதான்.

போகிற காரணம் சிறியதல்ல. மறுநாள் சனிக்கிழமை எங்கள் ஒரே மகள் துளசிக்கு வூலிச் டவுன்ஹோலில் எழுத்து. கலியாணப் பதிவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தாலி கட்டு பிறகு ஆவணியில். ஆனாலும் எழுத்துக்கும் நாலு பேர் கூடுவார்கள், கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கை நான் செய்வதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன மூன்றாம் கிழமை எங்கள் குசினியில் பைப் வெடித்து நிலம் முழுக்கத் தண்ணீர். இப்போது அங்கே அலுமாரியும் இல்லை, அடுப்பும் இல்லை, சுவரில் நாலு வயர்தான் தொங்குகிறது. குசினி திருத்துகிற வேலைக்காரர் இன்னும் இரண்டு கிழமை என்கிறார். அதை அவர் நாலு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"கேக்கைக் கடையிலை எடுப்பம்" என்றாள் சறோ.

"வானுக்குள்ளை ஓவன் இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்கு ஏலாது.

காலை 9.50. வால்தம்ஸ்டோ.

நோர்த் சேர்க்குலர் வீதியில் ஐந்து மைல் வருவதற்கு நாற்பத்தைந்து நிமிடம். பின்னுக்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் சட்டி, கரண்டி, கோப்பை எல்லாம் சேர்ந்து கச்சேரி வைத்தன. வண்டியை நிறுத்த இரண்டு கார் இடம் தேடி மூன்று தரம் சுற்றினேன். தமிழ்க் கடையில் உப்பில்லாத பட்டர், சீனி, மா, ஒரு டசின் முட்டை, வனிலா, பால் ஒரு போத்தல் வாங்கினேன். பால் என் பட்டியலில் இல்லை. சறோ தூக்கிப் போட்டது. நான் காசு கொடுத்துத் திரும்பும்போது அவள் பக்கத்திலிருந்த கேக் கடையிலிருந்து வெளியே வந்தாள். வெறுங்கையோடுதான் வந்தாள். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

காலை 11.20. வடக்கு வூலிச், பெரி.

தேம்ஸைக் கடக்கச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. ஆனால் போகாதவர்களுக்கு நான் சொல்வது வூலிச் பெரி என்கிற படகுச் சேவையைத்தான். வாகனத்தோடு ஏறலாம், ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். இலண்டனில் சும்மா கிடைக்கிற ஒன்றிரண்டு சந்தோசங்களில் இதுவும் ஒன்று. வரிசையில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட மனிதர் ஒருவர் வந்து நீளத்தைக் கேட்டார், காஸ் சிலிண்டரைப் பூட்டிவிட்டாயா என்று கேட்டார், பிறகு ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இதற்குள் சமைக்கவும் ஏலுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கலியாணக் கேக்கே செய்யப் போகிறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு என்னை முன்வரிசைக்கு விட்டார்.

கப்பல் நகர்ந்ததும் சறோ தொண்டையைச் செருமினாள். முப்பத்திரண்டு வருச அனுபவத்தில் அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

"இஞ்சரப்பா, கோவிக்கக் கூடாது. அந்தக் கடையிலை ஒரு கேக்குக்குச் சொல்லி வைச்சனான்."

"என்னது?"

"ஒரு காவலுக்குத்தான். அஞ்சு மணிக்கு முதல் போன் பண்ணி வேண்டாம் எண்டால் விட்டுடுவினம். போன் பண்ணாட்டி நாளைக்கு விடியக் கொண்டுவந்து தருவினம்."

"அப்ப நீர் என்னை நம்பேல்லை."

"உங்களை நம்பிறன். அந்த நெருப்புப்பெட்டியைத்தான் நம்பேல்லை."

கோபம்தான் வந்தது, மறைப்பானேன். ஆறு அகலமாக இருந்தும் கடக்க ஏழெட்டு நிமிடம்தான். அந்த ஏழெட்டு நிமிடமும் நான் ஜன்னலால் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இந்தக் கேக்கில் இவ்வளவு பிடிவாதம் என்று உங்களுக்கும் தோன்றும். அதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இருபத்தொரு வருடம் நான் வட இலண்டனில் ஒரு கேக் பக்டரியில் வேலை செய்தேன். அங்கே ஓவன் என்பது ஒரு தெரு நீளம். ஒரு பக்கம் மாக்குழம்பு உள்ளே போகும், மறுபக்கம் கேக் வெளியே வரும், நடுவில் நான் ஒரு திரையில் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கையில் மா பட்டது கிடையாது. துளசிக்கு ஏழு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில், "என்ரை அப்பா கேக் செய்யிறவர்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட விழாவுக்கு அப்பா செய்த கேக் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். நான் பக்டரிக் கேக் ஒன்றைப் பெட்டியோடு கொடுத்து அனுப்பினேன். எனக்கு அதில் பிழையொன்றும் தெரியவில்லை. பின்னேரம் பிள்ளை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, பெட்டியிலை வேறை ஆரின்ரையோ பேர் இருக்கு." அவ்வளவுதான். அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வேலையை விட்ட பிறகு இரண்டு வருடமாக வீட்டில் கேக் பழகினேன். இந்த மாசியில் துளசி போன் எடுத்து, "எழுத்துக்குக் கேக்கை நீங்களே செய்யுங்கோ அப்பா" என்றாள். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூட விழா நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பகல் 12.40. அபி வூட்.

பெரியிலிருந்து மூன்று மைல். பிளம்ஸ்ரெட் நெருக்கடி முடிந்த கையோடு மரங்கள் தொடங்கிவிடுகின்றன. இலண்டனுக்குள் இப்படியொரு காடு இருப்பது முப்பது வருடமாக இங்கே இருக்கிற எனக்குத் தெரியாது. இரண்டு இரவுக்கு எண்பத்தாறு பவுண், மின்சாரம் உட்பட. எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு மேட்டு ஓரம். பக்கத்து வண்டிகளின் சில்லுகளுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஆப்பு மாதிரி ஏதோ வைத்திருந்தார்கள். உருளாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். என் வண்டியின் ஹாண்ட்பிரேக் நல்ல இறுக்கம். அதனால் எனக்கு அது தேவைப்படவில்லை.

இனிக் குசினி. நான்கு அடி நீளம். மூன்று காஸ் அடுப்பு, முகம் கழுவினால் நிறைந்துவிடும் ஒரு சிங்க், அதற்குக் கீழே ஓவன். ஓவனுக்குள் எட்டங்குலத் தட்டு ஒன்று போகும். ஒன்பதங்குலம் போகாது. திருகும் குமிழில் வெப்பம் காட்டும் பாகை கிடையாது, சின்ன நெருப்புப் படமும் பெரிய நெருப்புப் படமும்தான். நெருப்பு பின்பக்கம் மட்டும் எரியும். ஆகவே பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வைக்கவேண்டும். மாக் குழைக்க மேசை என்று ஒன்றில்லை. சிங்க்குக்கு மூடியைப் போட்டால் அதுதான் மேசை. மா அடிக்கும் மின்சார பீற்றரையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலையும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் போய்விடும். இது எங்களுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

நான் பட்டரை எடுத்து வைக்கும்போது சறோ பால் போத்தலோடு வந்தாள்.

"முதலிலை பால் காய்ச்சவேணும்."

"தேசிக்காய் நசிச்சாச்சு. இது வாகனம்."

"படுக்கிறம், சமைக்கிறம். அப்ப இது வீடு. புது வீட்டிலை பால் பொங்காமல் நான் ஒண்டும் அடுப்பிலை வைக்க விடன்."

வாகனத்துக்குத் தேசிக்காயும் வீட்டுக்குப் பாலும் என்று நம்முடைய ஆட்கள் எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்த ஒன்றுக்கு என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லிவைக்கவில்லை. விட்டுக்கொடுத்தேன். சின்னப் பானையில் விளிம்புவரை பாலை ஊற்றி வைத்தாள். பால் நுரைத்து எழும்பி ஒரே பக்கமாக, வாசல் பக்கமாக வழிந்தது. சறோ போனில் திசை பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கிழக்காலை பொங்கியிருக்கு! இனி ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை."

எனக்கும் சந்தோசம்தான். இப்படியான நேரத்தில் நல்ல சகுனத்தை யார் வேண்டாம் என்பார்கள்? வழிந்த பாலைத் துடைத்துவிட்டு இருநூற்றைம்பது கிராம் பட்டர், அதேயளவு சீனி, அதேயளவு மா, ஐந்து முட்டை என்று தொடங்கினேன். முட்டையில் ஒன்று சிங்க் மூடியிலிருந்து உருண்டு வாசல் பக்கம் விழுந்து உடைந்தது. கவனமில்லாமல் வைத்ததாகச் சறோவில் பழியைப் போட்டேன்.

பிற்பகல் 3.00.

ஒரு மணி நேரம் வாசனை வந்துகொண்டே இருந்தது. ஓவன் கதவைத் திறந்து தட்டை வெளியே எடுத்தேன். கேக் ஒரு பக்கம் மூன்று விரல் உயரம். மறுபக்கம் ஒன்றரை. மெல்லிய பக்கம் கருகி, தடித்த பக்கம் நடுவில் ஈரமாக இருந்தது. கூரை சரிந்த வீடு மாதிரி அது தட்டில் கிடந்தது.

சறோ கைப்பையைத் திறந்து போனை எடுத்து சிங்க் மூடியில் வைத்தாள். கடைக்காரருக்குப் போன் பண்ண வேண்டியது, "வேண்டாம்" என்று சொல்வதற்கு மட்டும்தான். பேசாமல் இருந்தாலே அந்தக் கேக் வந்துவிடும். அழகான பெட்டியில், மேலே கடையின் பெயரோடு வரும்.

இருபத்தொரு வருடம் ஓவனுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓவன் பழுதா, மா பிழையா, தட்டைத் திருப்பியது பிழையா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். தட்டைத் திருப்பியும் ஏன் ஒரே பக்கம் சரிந்தது? துடைத்தபோது தப்பிய கொஞ்சப் பால், அடுப்பு ஓரத்தில் காய்ந்து ஒரு கோடாக இருந்தது. அந்தக் கோடு வாசல் பக்கம் போயிருந்தது. தட்டைத் திருப்பிய பிறகும் வேகாத குழம்பு ஓடித் தடித்ததும் வாசல் பக்கம்தான். முட்டை உருண்டதும் வாசல் பக்கம்தான்.

"சறோ, பால் கிழக்காலை பொங்கேல்லை. வான் கிழக்காலை சரிஞ்சு நிக்குது!"

அவள் பாலையும் கேக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். "சகுனம் பிழையோ?" என்றாள், மெல்லிய குரலில்.

"பிழையில்லை. அது எங்களுக்குச் சரியாத்தான் சொன்னது. நாங்கள்தான் வேறை மாதிரி விளங்கிக்கொண்டம்."

பிற்பகல் 3.25.

பக்கத்து வண்டியில் ஸ்ட்ரெதமிலிருந்து வந்த ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் செந்தில், ஊர் திருச்சி, வங்கியொன்றில் கணினி வேலை. வாடகைக்கு எடுத்த வண்டியாம். அந்த மஞ்சள் ஆப்பு எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"லெவல் பண்றதுக்கு சார். வீலை அதுமேல ஏத்தினா வண்டி நேரா நிக்கும். உங்ககிட்ட இல்லையா?"

"இல்லை. எனக்கு இப்ப அவசரமா வேணும்."

"எங்க வண்டிக்குள்ள ரெண்டு எக்ஸ்ட்ரா இருக்கு. இருங்க, எடுத்துட்டு வர்றேன்." போனை எங்கள் அடுப்பு மேல் வைத்துச் சரிவை அளந்தார். "மூணு டிகிரி சார். இதுல எப்படி கேக் வரும்?"

மூன்று பாகை. மனிதனுக்குத் தெரியவில்லை, பாலுக்குத் தெரிந்திருக்கிறது.

நேரம் போகிறதே என்று நான் அதற்குள் இரண்டாவது மாக்குழம்பை அடித்து முடித்திருந்தேன். முட்டையில் ஆறு மீதி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஆனால் வண்டியை ஏற்றும்போது சட்டியை எங்கே வைப்பது? சறோ முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சட்டியைப் பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். செந்தில் வெளியே நின்று கையைக் காட்டினார்.

"வாங்க சார்... வாங்க, வாங்க... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க! போதும் போதும்!"

முதல் தடவை ஆப்பைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டேன். சறோ சட்டியை அணைத்தபடி ஒரு பெருமூச்சு விட்டாள். இரண்டாம் தடவை வண்டி ஏறி நின்றது. உள்ளே போய் முட்டையொன்றைச் சிங்க் மூடியில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

பிற்பகல் 4.10க்குக் கேக் உள்ளே போனது.

4.40க்குத் தட்டைத் திருப்பினேன். கண்ணாடியில்லாத கதவு என்பதால் பார்க்க வழியில்லை. அடிக்கடி திறந்தால் கேக் அமுங்கிவிடும். நான் தரையில் குந்தி, கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேகாத கேக் மெல்லச் சடசடக்கும், வெந்தால் அடங்கிவிடும். பக்டரியில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை.

4.50க்குச் சடசடப்பு இன்னும் இருந்தது. எப்படியும் இன்னும் இருபது நிமிடம் வேண்டும். நான் நேரத்தைப் பார்த்தேன். சறோவும் பார்த்தாள்.

"கடைக் கேக் வரட்டும் சறோ" என்றேன். "எதுக்கும் ஒரு காவலா இருக்கட்டும்." காலையில் அவள் சொன்ன அதே சொல் என் வாயிலிருந்து வந்தது. பயம் அப்படித்தான் செய்யும்.

அவள் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

"தம்பி, நான் காலமை கேக்குக்குச் சொன்ன அன்ரி. ஓம், எழுத்துக்கு. அது வேண்டாம் தம்பி. இல்லையில்லை, வேறை கடையிலை எடுக்கேல்லை. பிள்ளையின்ரை அப்பா செய்யிறார்."

போனைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தாள். என்னைப் பார்க்காமல், காய்ந்த பால் கோட்டை ஒரு துணியால் தேய்க்கத் தொடங்கினாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் எனக்குச் செய்தவை பல. அன்றைக்குச் செய்ததை நான் மறக்கமாட்டேன்.

5.12க்கு ஓவனைத் திறந்தேன். கேக் தட்டு நிறைய, ஒரே மட்டமாக, பொன்னிறத்தில் இருந்தது. ஈர்க்குக் குச்சியால் குத்திப் பார்த்தேன். குச்சி சுத்தமாக வந்தது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். செந்தில் ஓடிவந்தார், ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தாராம். சரிந்த கேக்கில் நல்ல பகுதியை வெட்டி அவருக்குக் கொடுத்தோம். "இதுவே சூப்பரா இருக்கு சார்" என்று நின்ற நிலையிலேயே மூன்று துண்டு சாப்பிட்டார்.

சனிக்கிழமை, காலை 10.30. வூலிச்.

அந்த வண்டிக்கு வூலிச்சில் நிறுத்த இடம் கிடைக்காது என்று மினிகாப் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வெள்ளை பட்டர் ஐசிங், மேலே நாலு மல்லிகைப்பூ. வேறு அலங்காரம் ஒன்றும் செய்யவில்லை. இந்த முறை கேக் என் மடியில். ஒவ்வொரு வேகத் தடைக்கும் நான் சாரதியைப் பார்க்க, மூன்றாவது தடைக்குப் பிறகு அவர் தானாகவே மெதுவாகப் போனார்.

துளசி கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை போட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். பிறகு அவர்களுடைய பிளற் இருக்கிற கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில் இருபத்தைந்து பேர் முன்னால் கேக் வெட்டினார்கள். உள்ளே மஞ்சள் நிறம், ஒரு இடமும் கருகவில்லை, ஒரு இடமும் ஈரமில்லை. எங்கள் சம்பந்தியம்மா வாயில் போட்டவுடன், "நல்ல கேக். எந்தக் கடை?" என்று கேட்டார்.

"அப்பா செய்தவர் மாமி" என்றாள் துளசி. சாதாரணமாகச் சொன்னாள். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.00. அபி வூட்.

புறப்படுகிற நேரத்தில் துளசி தனியாக வந்தாள். ஓவனைக் காட்டச் சொன்னாள். குனிந்து கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு அளந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளையா அப்பா?"

"இதுக்குள்ளைதான் பிள்ளை."

கையில் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். மிச்சமிருந்த கேக் என்று மேசையில் வைத்தாள். மூடியின் மேல் கறுப்புப் பேனாவால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய வட்ட வட்ட எழுத்தில், என் பெயரை முழுதாக எழுதியிருந்தாள். க. தேவராசா. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நினைவிருந்திருக்கிறது.

அவள் என் தோளில் தலையை ஒரு தரம் முட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

செந்திலிடம் ஆப்புகளைத் திருப்பிக் கொடுத்தோம். திரும்பவும் அதே பெரி, அதே ஆறு, அதே நோர்த் சேர்க்குலர். பன்னிரண்டரைக்கு எட்மண்டன் வந்துசேர்ந்தோம். குசினிக்குள் இன்னும் நாலு வயர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வரப்போகிற ஓவனில் பன்னிரண்டங்குலத் தட்டுப் போகும், பாகை காட்டும், கண்ணாடிக் கதவும் இருக்கும். வரட்டும், நல்லதுதான். ஆனால் வேலைக்காரர் போன் எடுத்து இன்னும் ஒரு கிழமை பிந்தும் என்றபோது, எனக்கே ஆச்சரியமாக, அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் கடைசித் துண்டையும் தேத்தண்ணியோடு சாப்பிட்டு முடித்தோம். சறோ வண்டியைத் துப்புரவாக்கிக்கொண்டு பின்னுக்கிருந்து கேட்டாள்:

"இஞ்சரப்பா, பெட்டி வெறுமையாப் போச்சு. குப்பையிலை எறியட்டே?"

"அதைத் தொடாதையும்" என்றேன்.